விறகு ஸ்டவ் பைப்ல புகை கசியுதா? டேப்பை அப்புறம் பாத்துக்கலாம்

கேள்வி இதுதான்: வீட்டுல குளிருக்கு வச்சிருக்குற விறகு ஸ்டவ்ல, மேல போற பைப் வளையுற இடத்துல, அதாவது எல்போ ஜாயிண்ட்ல புகை கசியுது. பத்த வைக்கிறப்பவும் விறகு போட கதவ தொறக்குறப்பவும் தான் ஜாஸ்தி. அலுமினியம் டேப் ரெண்டு தடவ சுத்தி பாத்தாச்சு, ரெண்டும் உரிஞ்சு தொங்குது. அதவிட நல்லா ஒட்டுற சாமான் எது?

சாமான் பேரு சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். சரி பண்ணி முடிக்கிற வரைக்கும் அந்த ஸ்டவ்வ பத்த வைக்காதீங்க. குளிருதுன்னு ஒரு நாள் மட்டும்னு கூட வேணாம். புகை வர்ற ஓட்டை வழியா கார்பன் மோனாக்சைடும் வரும், அதுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்டிக்கிற இடத்துல அது 200 மடங்குக்கு மேல கெட்டியா போய் ஒட்டிக்கும், அதனால தான் கொஞ்சமா இருந்தாலே தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்னு ஆரம்பிக்குது. அத ஜலதோஷம்னு நெனச்சு படுத்து தூங்குறவங்க இருக்காங்க, தூக்கத்துலயே போயிடுறவங்களும் இருக்காங்க. இதுல மோசம் என்னன்னா, நெருப்பு ஜோரா எரியுறப்ப விட, ராத்திரி அடங்கி வெறும் கங்கா கிடக்குறப்ப தான் இந்த வாயு நிறைய வரும், அப்போ கண்ணுக்கு புகையே தெரியாது. அதனால பேட்டரில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு ஸ்டவ் இருக்குற ரூம்லயும் ஒண்ணு படுக்குற ரூம் பக்கத்துலயும் இருக்கணும். புகை அலாரம் வேற, இது வேற, ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ண விட்டுடாதீங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஒழுங்கா வேலை செய்யுற விறகு ஸ்டவ்ல பைப் ஜாயிண்ட்ல சின்ன இடுக்கு இருந்தாலும் புகை வெளிய வராது. நம்ப கஷ்டமா இருக்கும், ஆனா அதான் உண்மை. சூடான புகை லேசு, மேல ஏறுது, ஏறுறப்ப பைப்புக்குள்ள ஒரு இழுப்பு உண்டாகுது, இதத்தான் ட்ராஃப்ட்னு சொல்றாங்க. அந்த இழுப்பு இருக்குற வரைக்கும் இடுக்கு வழியா ரூம் காத்து உள்ள போகுமே தவிர உள்ள இருக்குறது வெளிய வராது. ஆக உங்க ஜாயிண்ட்ல புகை வெளிய வருதுன்னா, அந்த நேரத்துல பைப் இழுக்கலைன்னு அர்த்தம். ஏன் இழுக்கலைன்னு கண்டுபிடிக்காம ஜாயிண்ட்ட மட்டும் அடைச்சீங்கன்னா புகை அடுத்த ஜாயிண்ட்ல வரும், அதையும் அடைச்சா கதவு இடுக்குல வரும்.

இந்த இழுப்பு எவ்வளவு சின்னதுன்னு தெரிஞ்சா பாதி புரிஞ்சிடும். 5 மீட்டர் உயர சிம்னி, வெளிய 0 டிகிரி, உள்ள புகை 200 டிகிரின்னு வச்சுக்கோங்க, கணக்கு போட்டா ஏறக்குறைய 27 பாஸ்கல் வரும். பெருசா தெரியுதா? 10 பாஸ்கல்ங்கறது 1 மில்லிமீட்டர் உயர தண்ணி அழுத்துற அழுத்தம், அவ்வளவுதான். இதே சிம்னி பத்த வைக்கிறதுக்கு முன்னாடி, வெளிய 10 டிகிரி உள்ள 20 டிகிரின்னு இருந்தா இழுப்பு வெறும் 2 பாஸ்கல். கிச்சன்ல ஒரு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுனா, ஜன்னலெல்லாம் இறுக்கமா மூடுற வீட்டுல, அது இத சுலபமா ஜெயிச்சுடும். ஃபேன் வெளிய தள்ளுற காத்துக்கு பதில் காத்து எங்கிருந்தாவது வரணும்ல, அது சிம்னி வழியா கீழ இறங்கி வருது, கூடவே உங்க புகையும்.

அதனால முதல் சோதனைக்கு காசு செலவு கிடையாது, ஸ்டவ்வையும் பத்த வைக்க வேணாம். கிச்சன் ஃபேன், பாத்ரூம் ஃபேன், துணி காய வைக்கிற மெஷின் எல்லாத்தையும் போட்டு விடுங்க, வாசல் ஜன்னல் எல்லாம் மூடுங்க, ஒரு ஊதுபத்திய கொளுத்தி ஸ்டவ் கதவ லேசா தொறந்து அந்த வாய்கிட்ட பிடிங்க. ஊதுபத்தி புகை உள்ள போகுதா, அப்படியே நிக்குதா, இல்ல உங்க மூஞ்சிய பாத்து திரும்பி வருதா பாருங்க. திரும்பி வந்தா ஃபேன் ஒவ்வொண்ணா நிறுத்திட்டு பாருங்க, அப்புறம் ஸ்டவ் இருக்குற அதே தளத்துல ஒரு ஜன்னல ஒரு இன்ச் தொறந்து பாருங்க. அதே தளம்னு ஏன் சொல்றேன்னா, நிறைய பேர் புகை போகட்டும்னு மாடி ஜன்னல தொறப்பாங்க, அது காரியத்த கெடுக்கும். வீட்டுல இருக்குற சூடான காத்து மாடி ஜன்னல் வழியா ஓடிடும், கீழ் தளம் காத்துக்கு ஏங்கும், சிம்னி தலைகீழா வேலை செய்ய ஆரம்பிச்சுடும். கீழ ஜன்னல தொறந்ததும் ஊதுபத்தி புகை சட்டுனு உள்ள திரும்புச்சுன்னா வியாதி பைப்ல இல்ல, வீட்டுக்கு காத்து பத்தல. ஸ்டவ்வுக்குன்னு தனியா வெளிக்காத்து வர்ற வழி போடுறது நிரந்தர வைத்தியம், அது போடுற வரைக்கும், ஜாயிண்ட்ட சரி பண்ணி முடிச்ச பிறகு, பத்த வைக்கிறப்ப ஃபேனெல்லாம் நிறுத்திட்டு ஜன்னல கொஞ்சம் தொறந்து வைக்கலாம்.

ஃபேன் ஒண்ணும் ஓடல, ஜன்னல் தொறந்திருக்கு, அப்பவும் புகை திரும்புதுன்னா ரெண்டு காரணம் தான் பெரும்பாலும்: சிம்னி ஜில்லுன்னு இருக்கு, இல்ல அடைச்சிருக்கு. வெளிச் சுவரு ஓரமா போற சிம்னின்னா ராத்திரி பூரா குளிர்ந்து கிடக்கும், உள்ள இருக்குற கனமான குளிர் காத்து கிணத்துத் தண்ணி மாதிரி அசையாம உக்காந்திருக்கும். நீங்க பத்த வச்சதும் புகை அதுல முட்டி எல்போவுலயே தேங்கும், அங்க இருக்குற இடுக்குல வெளிய வரும். நீங்க சொன்ன மாதிரி பத்த வைக்கிறப்ப மட்டும் ஜாஸ்தின்னா எனக்கு முதல் சந்தேகம் இதுதான். இதுக்கு வழி, விறகு அடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு பேப்பர் தாள முறுக்கி பைப் வாய்க்கு முடிஞ்ச வரை கிட்ட வச்சு கொளுத்துறது, அந்த சூடு குளிர் காத்த மேல தள்ளிடும். அப்புறம் பெரிய விறகு அடியில, சின்ன குச்சி மேலன்னு அடுக்கி மேல இருந்து பத்த வைங்க, ஆரம்பத்துலயே புகை கம்மியாவும் சூடு ஜாஸ்தியாவும் இருக்கும்.

அடைப்பு வேற கதை. சிம்னி உச்சியில மூடி இருக்கும், அதுல பறவை நுழையாம கம்பி வலை இருக்கும், அந்த வலைக் கண்ணுல கரி பிடிச்சு பிடிச்சு ஒரு நாள் மூடிக்கும். இத பாக்க கூரை மேல ஏற வேணாம், கீழ இருந்து போன் கேமராவ ஸூம் பண்ணாலே கருப்பா அடைச்சிருக்குறது தெரியும். இன்னொரு இடம் ஸ்டவ்வுக்குள்ளயே இருக்கு, அத பாக்குறவங்க ரொம்ப கம்மி. நெருப்புக்கு மேல ஒரு தகடு இருக்கும்ல, புகைய சுத்தி போக வைக்கிற தகடு, அதுக்கு பேஃபிள்னு பேரு. சிம்னிய மேல இருந்து பிரஷ் போட்டு சுத்தம் பண்ணா அந்த கரி எல்லாம் நேரா இறங்கி இந்த தகட்டு மேல தான் உக்காரும், கீழ இருந்து பாத்தா தெரியாது. ஒரு வீட்டுல ஆள் வச்சு சிம்னி சுத்தம் பண்ணி நாலு நாள் கூட ஆகல, முன்னாடி இல்லாத புகை எல்லா ஜாயிண்ட்லயும் வருதுன்னு கூப்பிட்டாங்க. நான் போய் ஜாயிண்ட் ஜாயிண்ட்டா சிமெண்ட் வச்சு அடைச்சேன், மறுநாளும் அதே புகை. அப்புறம் தான் அந்த தகட்ட கழட்டுனேன், அதுக்கு மேல ஒரு சாண் உயரத்துக்கு கரி குவிஞ்சு கிடந்துச்சு, புகை போக ரெண்டு விரல் நுழையுற சந்து தான் மிச்சம். ஒரு பக்கெட் கரிய அள்ளி வெளிய கொட்டுனதும் ஸ்டவ் மூச்சு விட ஆரம்பிச்சுது. அதுல இருந்து நான் எந்த வீட்டுக்கு போனாலும் பைப்ப தொடுறதுக்கு முன்னாடி அந்த தகட்டு மேல கைய விட்டு பாக்குறது தான் முதல் வேலை.

இப்ப ஜாயிண்ட்டுக்கு வருவோம். கழட்டுறதுக்கு முன்னாடியே அதோட வெளிப்பக்க கறைய ஒரு டார்ச் அடிச்சு நிதானமா பாருங்க, அது நிறைய சொல்லும். ஜாயிண்ட்ட சுத்தி காஞ்ச கருப்புப் பொடி, தொட்டா விரல்ல ஒட்டுற மாதிரி இருந்தா அது அழுத்தத்துல வெளிய வந்த புகை, மேல சொன்ன இழுப்பு பிரச்சனை. அப்படி இல்லாம வார்னிஷ் அடிச்ச மாதிரி பளபளன்னு காபி கலர்ல கோடு கோடா கீழ ஒழுகி காஞ்சிருக்கு, கிட்ட போனா காரமா ஒரு தார் நாத்தம் அடிக்குதுன்னா அது க்ரியோசோட். விறகுப் புகை பைப்புக்குள்ள ஏறக்குறைய 120 டிகிரிக்கு கீழ குளிர்ந்தா அதுல இருக்குற தாரும் ஈரமும் சுவத்துல படிஞ்சு இப்படி ஒழுகும். அது வெளிய வழியுதுன்னா பைப்ப தலைகீழா மாட்டியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

இந்த தலைகீழ் விஷயத்த கொஞ்சம் விளக்குறேன். ஒவ்வொரு பைப் துண்டுலயும் ஒரு முனை கொசுவம் வச்ச மாதிரி மடிப்பு மடிப்பா சுருக்கி இருக்கும், இன்னொரு முனை வழுவழுன்னு இருக்கும். சுருக்கின முனை ஸ்டவ் பக்கம், அதாவது கீழ பாத்து இருக்கணும், அது கீழ் பைப்புக்குள்ள இறங்கணும். புகை மேல தானே போகுது, அப்போ கீழ் பைப் மேல் பைப்புக்குள்ள போனா தானே கசியாதுன்னு மனசுக்கு தோணும், நிறைய பேர் அப்படியே தான் மாட்டுறாங்க. ஆனா புகைய இழுப்பு பாத்துக்கும், நாம கவலைப்பட வேண்டியது உள்சுவத்துல கீழ ஒழுகுற தாருக்கு. புனல பாட்டில்ல வைக்கிறப்ப புனலோட மூக்கு தானே பாட்டிலுக்குள்ள போகும், அதே மாதிரி தான். சரியா மாட்டியிருந்தா ஒழுகுற தார் திரும்ப ஸ்டவ்வுக்குள்ள போய் எரிஞ்சுடும், தப்பா மாட்டியிருந்தா ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் வெளிய வழியும். தலைகீழா இருந்தா எந்த பசையும் உதவாது, எல்லாத்தையும் கழட்டி திருப்பி தான் ஆகணும்.

கழட்டுற அன்னிக்கு ஸ்டவ் முழுசா ஆறியிருக்கணும், குறைஞ்சது ஒரு நாள். சாம்பலுக்குள்ள கங்கு அதவிட அதிக நேரம் கூட உயிரோட இருக்கும், அதனால சாம்பல மூடி போட்ட இரும்பு பக்கெட்ல அள்ளி வீட்டுக்கு வெளிய வைங்க, பிளாஸ்டிக் கவர் பக்கம் போகாதீங்க. கிளவுஸ், கண்ணாடி, தூசி மாஸ்க் போடுங்க. ஸ்டவ்வும் பைப்பும் ரொம்ப பழசுன்னா ஜாயிண்ட்ல இருக்குற கயிறும் பூச்சும் ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம், சந்தேகம் இருந்தா சொரண்டவே வேணாம், அதுக்குன்னு இருக்குற ஆள கூப்பிடுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் சாக்பீஸ்ல மேலயும் கீழயும் சேர்த்து ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்துக்கோங்க, திரும்ப மாட்டுறப்ப கோடும் கோடும் சேர்ந்தா போதும். கழட்டின துண்டோட ரெண்டு வாய்க்கும் பிளாஸ்டிக் பை கட்டி வெளிய எடுத்துட்டு போங்க, இல்லன்னா வீடு பூரா கரி.

வெளிய வச்சு உள்ள பாருங்க. காஞ்ச கரி 3 மில்லிமீட்டர் தடிமன் வந்தாலே சுத்தம் பண்ணணும், 6 மில்லிமீட்டர்னா அது சிம்னிக்குள்ளயே தீப்பிடிக்க தயாரா இருக்குன்னு அர்த்தம், அந்த தீ 1000 டிகிரிய தாண்டும். பொடியாவோ செதிலாவோ இருந்தா கம்பி பிரஷ்ல வந்துடும். கண்ணாடி மாதிரி பளபளன்னு கெட்டியா ஒட்டியிருந்தா அது வீட்டு பிரஷ்ல வராது, சிம்னி சுத்தம் பண்றவங்க தான் வரணும், அதுவரைக்கும் ஸ்டவ் ஓய்வுல இருக்கட்டும். சுத்தம் பண்ணதும் இருட்டு ரூம்ல பைப்புக்குள்ள டார்ச் போட்டு வெளிய இருந்து சுத்தி பாருங்க, ஊசிமுனை ஓட்டை இருந்தா கூட நட்சத்திரம் மாதிரி தெரியும். பைப் தகட்டோட ரெண்டு ஓரமும் சேர்ற தையல் ஓரமா கட்டை விரலால அழுத்துங்க, தகடு அமுங்குச்சுன்னா உள்ள துரு தின்னுடுச்சு, அந்த துண்ட தூக்கி போட்டுட்டு புதுசு வாங்குங்க. ஓட்டைக்கு மேல தகரம் வச்சு கிளாம்ப் போட்டு ஓட்டுறதெல்லாம் வேணாம். புதுசு வாங்குறப்ப கருப்பு ஸ்டீல் பைப்பா, 24 கேஜோ (தகட்டு தடிமன் அளவு, நம்பர் குறைஞ்சா தடிமன் ஜாஸ்தி) அதவிட தடிமனாவோ வாங்குங்க. வெள்ளையா மின்னுற கால்வனைஸ்டு பைப் இந்த சூட்டுக்கு ஆகாது, அதுல இருக்குற துத்தநாகம் புகையாகி மூச்சுக்குள்ள போகும்.

உங்க எல்போவ தனியா பாருங்க. எந்த கோணத்துக்கும் திருப்பிக்கலாம்னு நாலு வளையம் சேர்த்து செஞ்ச எல்போவா இருந்தா, அந்த வளையம் ஒவ்வொண்ணும் ஒரு ஜாயிண்ட் தான், நீங்க டேப் சுத்துனது ஒரு இடம், கசியுறது மூணு இடமா கூட இருக்கலாம். திருப்ப முடியாத, ஒரே துண்டா வெல்டு பண்ண எல்போ கிடைச்சா மாத்திடுங்க. முடிஞ்சா 90 டிகிரி எல்போ ஒண்ணுக்கு பதிலா 45 டிகிரி ரெண்டு போடுங்க, புகை சுலபமா திரும்பும். எல்போவுக்கு அப்புறம் படுக்க வசத்துல போற பைப் இருந்தா அது ஸ்டவ்ல இருந்து சிம்னிய பாத்து மேல ஏறணும், ஒரு அடிக்கு கால் இன்ச்சாவது. மட்டமா இருந்தாலோ கீழ சரிஞ்சிருந்தாலோ அங்க தாரும் கரியும் தேங்கி எல்போ வழியா வழியும்.

சரி, ஒட்டுற சாமான். அலுமினியம் டேப்ல தகடு தாங்கும், பசை தாங்காது, 150 டிகிரிய ஒட்டி அது செத்துடும், ஸ்டவ் பக்கத்துல இருக்குற பைப்போட வெளிப்பக்கமே அத தாண்டுறது சகஜம். சிவப்பு கலர்ல வர்ற ஹை டெம்ப்பரேச்சர் சிலிக்கான் 250, 300 டிகிரி வரைக்கும் தான், விறகு ஸ்டவ்வுக்கு அதையும் நான் போட மாட்டேன். உங்களுக்கு வேண்டியது ஃபர்னஸ் சிமெண்ட், 1000 டிகிரிக்கு மேல தாங்குறது, டப்பாலயும் ட்யூப்லயும் வரும். ஆனா அத வெளிய இருந்து பூசுனா உபயோகம் இல்ல. காஞ்சதும் அது ஓடு மாதிரி ஆயிடும், பைப்போ சூட்டுல விரிஞ்சு ஆறுறப்ப சுருங்கும், பத்து தடவ பத்த வச்சா வெடிச்சு உதிர்ந்துடும். அது ஜாயிண்ட்டுக்கு உள்ள இருந்தா தான் நிக்கும்.

ரெண்டு முனையையும் கம்பி பிரஷ்ல தேச்சு துரு, பழைய சிமெண்ட், உங்க டேப்போட பசை எல்லாத்தையும் எடுத்துட்டு ஈரத்துணியால துடைங்க, அந்த ஈரம் கொஞ்சம் இருக்குறப்பவே சுருக்கின முனையோட வெளிப்பக்கம் சிமெண்ட்ட மெல்லிசா தடவுங்க, மடிப்போட பள்ளத்துலயெல்லாம் போய் உக்காரணும். அப்புறம் கீழ் பைப்புக்குள்ள லேசா திருகிக்கிட்டே இறக்குங்க. சாக்பீஸ் கோடு சேர்ந்ததும் பிதுங்கி வர்றத விரலால வழிச்சு விடுங்க. இப்ப ஸ்க்ரூ. ஒரு ஜாயிண்ட்டுக்கு மூணு, சம இடைவெளி விட்டு, அரை இன்ச் நீள தகட்டு ஸ்க்ரூ போதும். எல்போவோட ரெண்டு பக்கமும், ஸ்டவ் கழுத்துல ஓட்டை இருந்தா அங்கயும் மறக்காம போடுங்க. ஸ்க்ரூ இல்லாத ஜாயிண்ட் சூட்டுல விரிஞ்சு சுருங்கி கொஞ்சம் கொஞ்சமா நகரும், சிம்னிக்குள்ள தீ புடிச்சா அந்த அதிர்ச்சில கழண்டே விழும், அப்ப சிமெண்ட் இருந்தும் பிரயோஜனம் இல்ல. ஒரு நாள் முழுக்க காய விட்டு, அடுத்த நாள் குச்சி மட்டும் போட்டு சின்னதா ஒரு நெருப்பு, அதுக்கடுத்து கொஞ்சம் பெருசுன்னு போங்க. எடுத்ததும் முழு சூடு காட்டுனா உள்ள இருக்குற ஈரம் கொதிச்சு சிமெண்ட்ல கொப்புளம் கிளம்பும்.

கதவ தொறக்குறப்ப வர்ற புகைக்கு பாதி காரணம் பழக்கம். பைப்ல டேம்பர், அதாவது புகை போற வழிய கூட்டி குறைக்கிற தகடு இருந்தா அத முழுசா தொறங்க, காத்து வர்ற வழியையும் தொறங்க, ஒரு நிமிஷம் நெருப்பு எழும்பட்டும், அப்புறம் கதவ ஒரு விரல் அளவு தொறந்து சில விநாடி நிறுத்தி, அதுக்கு மேல மெதுவா தொறங்க. சடார்னு தொறந்தா புகைய நீங்களே ரூமுக்குள்ள இழுத்து விடுறீங்க. கதவ சுத்தி இருக்குற கயிறு தேஞ்சிருக்கான்னு பாக்க ஒரு தாள வச்சு கதவ மூடி இழுத்து பாருங்க, சுலபமா வந்துட்டா கயிறு மாத்துற நேரம். விறகு ஈரமா இருந்தா மேல சொன்ன எதுவும் ரொம்ப நாள் தாங்காது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு கீழ இருக்கணும், மீட்டர் இருந்தா விறக பிளந்து உள்பக்கம் வச்சு பாருங்க, இல்லன்னா ரெண்டு கட்டைய தட்டி பாருங்க, காஞ்சது டங்குன்னு சத்தம் குடுக்கும், ஈரக்கட்டை தொம்முன்னு அமுங்கும்.

உங்களது விறகு ஸ்டவ்னு சொன்னதால தான் இவ்வளவும். மரத்தூள அழுத்தி செஞ்ச சின்ன சின்ன துண்ட எரிக்கிற பெல்லட் ஸ்டவ்வா இருந்தா கணக்கே வேற, அதுல ஃபேன் வச்சு புகைய தள்ளுறாங்க, பைப்புக்குள்ள அழுத்தம் வெளிய பாத்து இருக்கும், ஊசிமுனை இடுக்குல கூட புகை வந்துடும். அதுக்கு அதுக்குன்னே செஞ்ச பைப், ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் இடுக்க அடைக்கிற கேஸ்கெட் வளையம், கம்பெனி சொல்ற ஹை டெம்ப்பரேச்சர் சிலிக்கான். கேஸ் ஹீட்டர்னா பைப்ப நீங்க தொடவே வேணாம், லைசென்ஸ் உள்ள ஆள் தான்.

கடைசியா, புது பைப்போ புது எல்போவோ போட்டிருந்தா முதல் ரெண்டு மூணு நெருப்புல பைப் மேலயே புகை கிளம்பும், நாத்தமும் அடிக்கும். அய்யோ திரும்பவும் கசியுதேன்னு கழட்டிடாதீங்க, அது பெயிண்ட் வேகுற புகை. ஜன்னல தொறந்து வச்சுக்கோங்க, அலாரம் பக்கத்துலயே இருக்கட்டும். கசிவுன்னா புகை ஜாயிண்ட் கோட்டுல இருந்து மட்டும் நூல் மாதிரி வரும், பெயிண்ட்னா பைப் உடம்பு பூரா ஆவி மாதிரி எழும்பும். சந்தேகமா இருந்தா நெருப்பு நல்லா புடிச்சதும் ஊதுபத்திய ஜாயிண்ட்ட சுத்தி மெதுவா கொண்டு போங்க, புகை நேரா மேல போனா ஜாயிண்ட் மூடியிருக்கு, பைப்ப பாத்து வளைஞ்சா சின்ன இடுக்கு மிச்சம் இருக்கு ஆனா இழுப்பு நல்லா இருக்கு, பைப்ப விட்டு விலகி வளைஞ்சா நெருப்ப அடங்க விட்டுட்டு திரும்ப அந்த பேஃபிள் தகட்டுல இருந்து ஆரம்பிங்க.